கார்பரேட்டருக்கு ஒரு பிராது

விருத்தாசலம்
10.12.2023

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கச்சி வள்ளி எழுதுவது.

இங்கே நான் இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் தென்றலும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் காது இன்னும் மந்தமாகிவிட்டதைக் கருமாதிக்கு வந்தபோது பார்த்தேன். போனில் பேசினால் நான் கத்த வேண்டியிருக்கிறது. கத்தினால் அழுகை வந்துவிடுகிறது. அதனால்தான் கடுதாசி. ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுத்து. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, நம்ம ஜீப்பின் கார்பரேட்டரை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

உங்கள் மாப்பிள்ளை போனதிலிருந்து, தினமும் பீங்கான் பொம்மைக் கம்பெனி வேலை முடிந்து வந்ததும் ஷெட்டுக்குள் போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவேன். எனக்கு ஓட்டத் தெரியாது. சாவியைத் திருகிக் காலால் ஸ்டார்ட்டரை மிதிக்க மட்டும் அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். அது உறுமிப் பிடித்ததும் நகர்ந்து என் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். அவர் சீட்டைக் காலியாக விட்டுவிடுவேன். கதவைச் சாத்தாவிட்டால், 'புருசன் செத்து மாசம் ஆவல, ஜீப்புல ஏறி ஒக்காந்துகினு இருக்கா பாரு' என்று தெரு பேசும். அதனால் சாத்திக்கொள்வேன். கண்ணை மூடினால் வண்டி போகிற மாதிரி இருக்கும். மங்கலம்பேட்டை ரோட்டில் முந்திரித் தோப்பு வரும். பின்னால் அவர் கடைகளுக்கு ஏற்றிப் போகிற பொம்மைப் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம்கூட வரும்.

கருமாதி முடிந்த சாயங்காலமும் அப்படித்தான் இருந்தேன். தூக்கம் தூக்கமாக வந்தது. நீங்கள் கதவை உடைக்கிற மாதிரித் திறந்து, என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தீர்கள். ஏன் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டார்ட்டரை மிதித்தால் வண்டி இருமுகிறது, பிடிக்கவில்லை. ஜங்ஷன் ரோடு மெக்கானிக் அர்ச்சுனனைக் கூட்டி வந்தேன். பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான்.

"இன்னாக்கா, மூக்கையே அறுத்து எடுத்துகினு போயிட்டானுவ. மூச்சு வுடு மூச்சு வுடுன்னா அது எங்க வுடும்?"

இந்த ஜில்லாவிலேயே இந்த மாடலுக்குக் கிடைக்காதாம். போடியில்தான் ஏலத்தோட்டத்துப் பழைய ஜீப்பெல்லாம் இன்னும் ஓடுகிறதே. முப்பது வருஷமாக அதைத்தானே பழுது பார்க்கிறீர்கள். எப்படியாவது ஒன்று தேடி அனுப்புங்கள். எனக்குச் சாயங்காலத்தில் போவதற்கு வேறு இடம் இல்லை.

அண்ணியை மூட்டுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள்.

வள்ளி

*

போடிநாயக்கனூர்
27.12.2023

அன்புத் தங்கச்சி வள்ளிக்கு,

எல்லோரும் சுகம். இங்கே மார்கழிப் பனி. காலையில் எழுந்தால் மலையைக் காணோம். பத்து மணிக்கு மேல்தான் யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி அதன் இடத்தில் நிற்கிறது. வண்டிகள் எல்லாம் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு இறங்குகின்றன. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கருமாதியன்று பார்த்தபோது உன் வளையல் இல்லாத கை குச்சி மாதிரி இருந்தது.

கார்பரேட்டர் சங்கதி படித்தேன். அந்த மாடல் இப்போது கிடைப்பது கஷ்டம். பார்க்கிறேன். அவசரப்பட்டு அர்ச்சுனன் வேறு எதையாவது மாட்டிவிடப் போகிறான். விடாதே. சேராது.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஷெட்டுக்கு ஜன்னல் இருக்கிறதா? எனக்கு ஞாபகம் இல்லை. தகரக் கதவு ஒன்று பார்த்தேன். அது எதற்கு? கழற்றிப் போட்டால் நல்ல வெளிச்சம் வரும். ராத்திரி துணைக்கு யாரையாவது படுக்கச் சொல். உன்னோடு வேலை பார்க்கிற பூவாயி வருவாள் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு
உன் அண்ணன் ஆதிநாராயணன்

*

விருத்தாசலம்
18.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய ஏலக்காய் வந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் வீடெல்லாம் மலை வாசனை. இந்த வருஷம் நான் பொங்கல் வைக்கவில்லை. பூவாயி அவள் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் ராத்திரிக்கு இங்கேதான் படுக்கிறாள். குறட்டை விடுகிறாள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

திருட்டுப் போன பிறகு கதவைக் கழற்றச் சொல்கிறீர்கள். படித்துக் காட்டினேன். "ஒங்க அண்ணனுக்குக் காதுதான் போச்சின்னு நெனச்சேன்" என்கிறாள் பூவாயி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாட்டுப்பொங்கலன்று ஜீப்பைக் கழுவிப் பொட்டு வைத்தேன். அன்றைக்கு ஒரு கனவு. எங்கள் கம்பெனியில் அச்சிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்த பொம்மைகள் எல்லாம் ஈரம் காயாமல் வரிசையாக ரோட்டோரம் நிற்கின்றன. வெள்ளை வெளேரென்று, இன்னும் கண் எழுதாத முகங்கள். அவர் ஜீப்பை நிறுத்தி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொள்கிறார். "மெதுவா, மெதுவா, ஒடஞ்சிடப் போவுது" என்கிறார். நானும் வரிசையில்தான் நிற்கிறேன். என் முறை வருவதற்குள் பூவாயி குறட்டை விட்டு எழுப்பிவிட்டாள்.

இன்னொரு சங்கதி. வண்டி சும்மா நிற்கிறதே, அதற்குள் வால்வைக் கழற்றிச் சுத்தம் பண்ணி வைக்கலாம் என்று அர்ச்சுனன் எஞ்சினைப் பிரித்தான். எட்டு ஸ்பிரிங்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருந்தன. நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். அவனுக்குச் சொல்லாமல் அவற்றைக் கம்பெனிக்கு எடுத்துப் போய், பொம்மையோடு பொம்மையாகச் சூளையில் மேல்தட்டில் வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் எது உறுதியாக வேண்டுமானாலும் சூளைக்குள் போய்த்தானே வருகிறது. பிசுக்கும் எரிந்துபோகும், இரும்பும் கெட்டிப்படும் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததைப் பார்த்தால் செதில் செதிலாக உதிர்கிறது. அர்ச்சுனன் ஒன்றைக் கையில் வைத்து அழுத்தினான். அது அமுங்கி அப்படியே இருந்துவிட்டது. அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"யக்கா, இன்னும் எதுனா மிச்சம் இருந்தா சொல்லுங்க, இட்லிச் சட்டியிலயும் ஒரு தடவ வெச்சிப் பாத்துடலாம்."

அண்ணே, எட்டு ஸ்பிரிங்கும் கிடைக்குமா? கார்பரேட்டர் என்ன ஆனது?

வள்ளி

*

போடிநாயக்கனூர்
1.2.2024

அன்பு வள்ளிக்கு,

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் அண்ணி அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனாளாம். அப்புறம் அவளும் படித்துச் சிரித்தாள். ஸ்பிரிங் செய்கிறவன் அதற்குள் ஒரு முறுக்கை ஏற்றி வைத்திருப்பான். நீ அதைச் சுட்டு வெளியே அனுப்பிவிட்டாய். போகட்டும். எட்டும் இத்துடன் பார்சலில் வருகிறது. ஒரு எஸ்டேட் வண்டியிலிருந்து எடுத்தவை. நானே அழுத்திப் பார்த்துப் பொறுக்கினேன். மாட்டும்போது நெருக்கமாகச் சுற்றியிருக்கிற முனை எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும் என்று அர்ச்சுனனிடம் சொல். அவனுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்.

பூவாயி உன்னோடு படுப்பது நல்லது. அவள் குறட்டை நீடூழி வாழட்டும்.

கனவில் வரிசையில் நின்றதாக எழுதியிருந்தாய். அந்த வரியைப் பல தடவை படித்தேன். இனிமேல் கனவு வந்தால் வரிசையை விட்டு வெளியே வந்துவிடு.

ஷெட்டுக் கதவைப் பற்றி நான் விளையாட்டுக்கு எழுதவில்லை. எடுத்துவிட்டால் எழுது.

உன் அண்ணன்
ஆதிநாராயணன்

*

விருத்தாசலம்
28.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்பிரிங் எட்டும் வந்து, மாட்டியும் ஆயிற்று. அண்ணியின் மூட்டு எப்படி இருக்கிறது? நீங்கள் பனியில் தலைக்குத் துண்டு கட்டாமல் போகிறீர்களா?

அர்ச்சுனன் எஞ்சினை மூடிவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "ஸ்பிரிங்கு ரெண்டே வாரத்துல வருது. கார்பரேட்டர் மட்டும் ஏன்க்கா மாசக்கணக்குல வரல?" "எங்க அண்ணன் இல்லாதத எங்கருந்து கொண்டாருவாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து கோபம் எல்லாம் அந்தத் திருடன் மேல் திரும்பிவிட்டது. சாவுவீடு என்று பார்க்காமல் எடுத்தானே. அவனுக்கு அது ஒரு இரும்புத் துண்டு.

மாசி மகத்துக்கு ஊரே ஆற்றில் இருந்தது. கூட்டம் கலைந்ததும் திங்கட்கிழமை பூவாயியைக் கூட்டிக்கொண்டு மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டிவிட்டேன். உங்களுக்குத் தெரியாததா. நம்ம ஆடு காணாமல் போனபோது அப்பா பேப்பரில் எழுதிக் கட்டி, எடுத்தவனே கொண்டுவந்து வாசலில் கட்டிவிட்டுப் போனானே. மூன்று மாதத்துக்குள் சாமி தீர்த்துவிடும்.

பிராதை நானே எழுதினேன். பூவாயி எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள்.

"அடிப் பாவி! எடுத்த கை எதயும் புடிக்க முடியாம முடங்கிப் போவட்டும்னா எழுதியிருக்க?"

"ஆமாம்."

"பொருளு திரும்பி வந்தா போதும்னு எழுதுடி. ஒரு கார்பரேட்டருக்கு ஒரு கையா?"

"அவன் எடுத்தது கார்பரேட்டர் இல்ல" என்றேன். மடித்து, கோயிலில் இருக்கிற முனியப்பர் எதிரில் வேலில் கட்டும்போது நூலை அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

கட்டிவிட்டு வந்ததிலிருந்து மனம் கொஞ்சம் லேசாக இருக்கிறது. தேடுவதற்கு இப்போது உங்களுக்குத் துணையாகச் சாமியும் இருக்கிறது.

உடனே பதில் போடுங்கள்.

வள்ளி

*

விருத்தாசலம்
2.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிறது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தென்றல் போனை எடுத்து, "அப்பா நல்லா இருக்காங்க அத்தை" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். நல்லா இருக்கிறவர் ஏன் எழுதவில்லை?

இங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. பொம்மைகள் சீக்கிரம் காய்ந்து விரிசல் விடுகின்றன. ஈரத் துணியைப் போட்டு மூடி வைக்கிறோம்.

கதவைப் பற்றி நான் கேலி பண்ணியதில் வருத்தமா? திட்டியாவது எழுதுங்கள்.

வள்ளி

*

போடிநாயக்கனூர்
16.4.2024

அன்புள்ள அத்தைக்குத் தென்றல் எழுதிக்கொண்டது.

நாங்கள் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அப்பா உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். அதனால்தான் போனில் அப்படிப் பேசினேன். இனிமேல் மறைக்க எனக்கு மனசில்லை.

மார்ச் மாதம் ஒரு கியர்பாக்ஸை இறக்கும்போது சங்கிலி நழுவி அப்பாவின் வலது மணிக்கட்டில் விழுந்துவிட்டது. எலும்பு முறிவு. கட்டுப் பிரித்த பிறகும் வீக்கம் வடியவில்லை. விரல்கள் மடங்க மாட்டேன் என்கின்றன. ஸ்பேனரைக் கொடுத்தால் கீழே விழுகிறது. டாக்டர் பயிற்சி செய்யச் சொல்கிறார். அப்பா செய்வதில்லை. "இது டாக்டர் கையில இல்லம்மா" என்கிறார். உங்களுடைய பிப்ரவரிக் கடிதம் வந்த மறுவாரம்தான் இது நடந்தது. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. என்ன எழுதியிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பழைய கார்பரேட்டரைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். மாமா கருமாதிக்குப் போய்விட்டு வந்த நாளிலிருந்து இருக்கிறது. வாராவாரம் எடுத்துத் துடைக்கிறார். இப்போது இடது கையால் துடைக்கிறார். அம்மாவுக்கு ஒரே எரிச்சல். "கல்யாணத்துக்குப் போனா எல்லாரும் என்னைய மோந்து பாத்துட்டு பெட்ரோல் பங்கு எங்கன்னு கேக்குறாங்க" என்று கத்துவாள். விற்றுத் தொலைக்க வேண்டியதுதானே என்றால், "இது இங்க இருக்கிற வரைக்கும் ஒருத்தி உசுரோட இருப்பா" என்கிறார். அம்மா, "எவ அவ?" என்று சண்டைக்குப் போனாள். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார். கைப்பயிற்சி செய்யச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள் அத்தை.

உங்கள் அன்பு மருமகள்
தென்றல்

*

விருத்தாசலம்
23.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தென்றலைத் திட்டாதீர்கள். பிள்ளை பயந்துபோய் எழுதிவிட்டது.

கடுதாசி வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. பூவாயியிடம்கூடச் சொல்லவில்லை. பஸ் ஏறி மணவாளநல்லூர் போனேன். பஸ்ஸில் என்னைத் தவிர எல்லோரும் தூங்கிக்கொண்டு இருந்தார்கள். வெயிலில் ரோடு தண்ணீர் மாதிரி மினுங்கியது. கோயில் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து தோளைத் தட்டினார்.

பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்றேன். அங்கே இருந்த பெரியவர், "பொருளு கெடச்சிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"இருக்கிற எடம் தெரிஞ்சிதுங்க."

"எடுத்தவன் கொண்டாந்து குடுத்தானா?"

"இல்லீங்க. அவுங்க குடுக்க வேணாம். அவுங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "களவு போன பொருளு எடுத்தவங்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லிப் பிராத ராஜினாமா பண்ண வந்தது நீ ஒருத்திதாம்மா" என்றார்.

வேலில் எத்தனையோ பிராது. மழை பட்டு, வெயில் பட்டு எல்லாம் ஒரே நிறம். என்னுடையது எது என்று தெரியவில்லை. அங்கேயே நின்று சாமியிடம் வாயால் சொன்னேன். தெரியாமல் எழுதிவிட்டேன், அந்தக் கையை விட்டுவிடு என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விபூதி இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். கையில் பூசிக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்ன பயிற்சியையும் செய்யுங்கள்.

மறுநாள் அர்ச்சுனனைக் கூப்பிட்டு ஷெட்டுக் கதவைக் கழற்றச் சொன்னேன். "இன்னாக்கா, இப்ப கதவும் சூளைக்குப் போவுதா?" என்று கேட்டான். கீல் துருப்பிடித்திருந்தது. வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே வெளிச்சம் விழுந்த பிறகு பார்த்தால் வண்டி சின்னதாக இருக்கிறது. இருட்டில் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

கார்பரேட்டர் தேட வேண்டாம் அண்ணே. கையைப் பாருங்கள்.

வள்ளி

*

போடிநாயக்கனூர்
19.5.2024

வள்ளிக்கு,

இது இடது கை எழுத்து. கோழி கிளறினது போல இருக்கும். விபூதி வந்தது. பூசினேன். பயிற்சியும் செய்கிறேன், தென்றல் எதிரில் பிரம்பு வைத்துக்கொண்டு நிற்காத குறைதான். நேற்று டீ டம்ளரை வலது கையால் பிடித்தேன். பாதி சட்டையில் கொட்டிவிட்டது. மீதியைக் குடித்துவிட்டேன்.

தேனியில் பழைய இரும்புக் கடையில் உன் வண்டிக்கு ஏற்ற கார்பரேட்டர் ஒன்று கிடைத்தது. சுத்தம் பண்ணி அனுப்பியிருக்கிறேன். புடவைத் துணியில் சுற்றியிருக்கிறது, உன் அண்ணி கொடுத்தாள்.

வெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய். ஷெட்டுக்குள் வேண்டாம்.

ஆதிநாராயணன்

*

விருத்தாசலம்
9.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கார்பரேட்டர் பத்திரமாக வந்து சேர்ந்தது. பிரித்ததும் பெட்ரோலும் ரசகற்பூர உருண்டையும் சேர்ந்து ஒரு வாசனை. அண்ணியிடம் சொல்லுங்கள், அந்தப் புடவைத் துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

அர்ச்சுனன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யக்கா, இது நம்ம வண்டியோடதேதான். இந்தா பாருங்க, இந்த மரைய ஒங்க வூட்டுக்காரரு, தர்மராஜண்ணன், அரம் போட்டுத் தேய்ச்சிருக்காரு. நான் பக்கத்துல இருந்தேன். தேனிக் கடைக்கு எப்புடிப் போச்சி?"

"எப்புடியோ போச்சி. வந்துடுச்சில்ல. மாட்டு."

"அதுக்கில்லக்கா, ஒங்க அண்ணன்…"

"எங்க அண்ணனப் பத்தி ஒனக்கு இன்னா தெரியும்? மாட்டுடா."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானட்டுக்குள் தலையை விட்டுவிட்டான். நீங்களும் ஒன்றும் எழுத வேண்டாம். தேனிக் கடை என்றால் தேனிக் கடைதான்.

ஆனால் நீங்கள் என்னிடம் கேட்காத ஒன்றை நான் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது.

அந்தச் சாயங்காலம் நான் சாக வேண்டும் என்று உள்ளே உட்காரவில்லை அண்ணே. ஆனால் புகையைப் பற்றித் தெரியாதவளும் இல்லை. சூளைக்குப் பக்கத்தில் இருபது வருஷம் நின்றிருக்கிறேன், மூடின இடத்தில் புகை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வெளியே வர வேண்டும் என்று தோன்றவில்லை. அவ்வளவுதான் உண்மை. அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். முந்திரித் தோப்பெல்லாம் தாண்டி, நான் பார்க்காத ஊர் எல்லாம் வந்தது. அவர் இறங்கச் சொல்லவில்லை, நானும் எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. உங்களுக்கு எஞ்சின் சத்தம் கேட்டிருக்காது. கதவுக்கு அடியில் புகை வந்ததைப் பார்த்துத்தான் ஓடி வந்திருப்பீர்கள். இழுத்ததில் என் மணிக்கட்டில் உங்கள் விரல் நான்கும் பதிந்திருந்தது. அது கன்றிப்போய், மஞ்சளாகி, மறைகிற வரைக்கும் உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் இருந்தது. இப்போது இல்லை.

மூன்று பேரும் சேர்ந்து வண்டியைத் தள்ளி வேப்பமரத்தடிக்குக் கொண்டு வந்தோம். பூவாயி பின்னால் தள்ளினாள், "ஏ ஜீப்பு, எனக்கே மூட்டுவலி, ஒனக்கு இன்னா கேடு" என்று திட்டிக்கொண்டே தள்ளினாள். நான் ஸ்டார்ட்டரை மிதித்தேன். முதல் தடவை இருமியது. அடுத்த தடவையும் இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்துவிட்டது. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் வெளியே வந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

கண்ணை மூடிப் பார்த்தேன் அண்ணே. மறைக்க மாட்டேன். பழையபடி அவர் வருவார் என்று காத்திருந்தேன். சத்தம் அதே சத்தம்தான். ஆனால் வெயில் இமையைத் துளைத்துக்கொண்டு சிவப்பாகத் தெரிந்தது. பூவாயி யாரோடோ பேசிக்கொண்டு இருந்தாள். எங்கேயும் போகவில்லை. வண்டி வேப்பமரத்தடியில்தான் நின்றது. கொஞ்ச நேரம் அழுதேன். அர்ச்சுனன் பார்க்காத மாதிரி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்புறம், "யக்கா, அந்தச் சீட்டுக்கு நவுந்தீங்கன்னா நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாப்பேன்" என்றான். நான் எப்போதும் நகர்ந்து என் சீட்டுக்குப் போய்விடுகிறவள்தான். அன்றைக்கு ஏனோ நகரவில்லை. "நீ அங்க ஒக்காரு. எது கிளெச்சு, எது பிரேக்குன்னு சொல்லு" என்றேன்.

பத்து நாளாகப் பழகுகிறேன். கியர் மாற்றும்போது அது கத்துகிற கத்தலைக் கேட்டால் நீங்கள் அழுதுவிடுவீர்கள், நல்லவேளை உங்களுக்குக் கேட்காது. முந்தாநாள் தொழிற்பேட்டை வரைக்கும் ஓட்டிப் போனேன். பூவாயி பின்னால் உட்கார்ந்து கொளஞ்சியப்பரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். இறங்கியதும், "நாளைக்கும் இதுலயே போலாமா?" என்று கேட்கிறாள். அடுத்த வாரம் கம்பெனிப் பொம்மைப் பெட்டி நாலு மங்கலம்பேட்டைக் கடைக்குப் போக வேண்டும். நான் எடுத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் சிரித்தார். அப்புறம் பெட்டிக்குள் வைக்கோலைக் கூடக் கொஞ்சம் திணிக்கச் சொன்னார்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி அணைந்துவிடுகிறது. அர்ச்சுனன் இரண்டு தடவை திருகிப் பார்த்துவிட்டான், சரியாகவில்லை. இதைக் கடுதாசியில் எழுத வேண்டாம். கை மடங்குகிறதோ இல்லையோ, வந்து பார்த்துச் சொல்லுங்கள். அண்ணியையும் தென்றலையும் கூட்டி வாருங்கள். மதுரையிலிருந்து ரயில் ஏறினால் ஜங்ஷனில் இறங்கிவிடலாம். ஆட்டோ பிடிக்காதீர்கள், நான் வண்டியோடு வெளியே நிற்பேன். ஹாரன் வேலை செய்யவில்லை. வேலை செய்தாலும் உங்களுக்குக் கேட்கப் போவதில்லை. கையைக் காட்டுகிறேன்.

என்றைக்கு என்று மட்டும் எழுதுங்கள். அரிசி ஊறப்போட வேண்டும்.

வள்ளி